அணுவலு நீர்மூழ்கிக் கட்டுகளம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர்,

உயர்தரத் தொழில்நுட்ப மாணவருக்கான கலைச்சொற் கைநூலில், அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிகளைக் கட்டும் இடத்துக்கு என்ன பெயர் இடுவது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்திருக்கின்றன. கண்டி அம்மையார் 'அணு நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தளம்' என்கிறார். பதுளை ஆசிரியர் 'அணுசக்தி நீர்மூழ்கித் துறை' என்கிறார். பண்டாரவளை நண்பரோ 'கருச்சக்தி நீர்மூழ்கிக் கட்டுமானப் பட்டறை' என்று எழுதியிருக்கிறார். மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

'அணு நீர்மூழ்கி' என்று மட்டும் நின்றால் படிப்பவரின் எண்ணம் நேரே குண்டுக்குத்தான் போகும். ஒரு நீர்மூழ்கியை உந்துவது வேறு, அது ஏந்துவது வேறு. 1968இல் பசிபிக்கில் மூழ்கிய சோவியத்தின் கே-129 டீசலாலும் மின்கலத்தாலும் ஓடியது. ஆயினும் அணுவாயுத ஏவுகணைகளைச் சுமந்திருந்தது. அவுஸ்திரேலியா அடிலெய்ட் அருகே ஒஸ்போனில் கட்டவிருக்கும் நீர்மூழ்கிகளுக்கு அணு உலை உண்டு, அணுவாயுதம் இல்லை. இந்தியாவின் அரிஹந்தில் இரண்டும் உண்டு. இம்மூன்றையும் பிரித்துக் காட்டாத சொல் கைநூலுக்கு உதவாது. ஆகவே ஏந்துவதைக் குறிக்க 'அணுவாயுத நீர்மூழ்கி' இருக்கட்டும். உந்துவதைக் குறிக்க வேறொன்று வேண்டும்.

அதற்கு 'அணுசக்தி' போதாதா என்று பதுளை ஆசிரியர் கேட்பார். பேச்சுக்குப் போதும். ஆனால் நம் இலங்கைப் பாடநூல்களில் சக்தி வேறு, வலு வேறு. தமிழகத்தார் ஆற்றல், திறன் என்று பிரிப்பவை இவை. மலைமேல் நீர்த்தேக்கத்தில் தேங்கி நிற்பது சக்தி என்றும், கீழே லக்ஷபான நீர்மின் நிலையத்தில் சுழலியைச் சுற்றி வேலை செய்யும் வீதம் வலு என்றும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கொடுக்கிறோம். நீர்மூழ்கியிலும் நடப்பது அதுவே: உலையின் வெப்பம் நீரை நீராவியாக்க, நீராவி சுழலியைச் சுற்ற, சுழலி உந்துசுழலியைத் திருப்புகிறது. அரிஹந்தின் உலையைப் பற்றி எழுதுவோர் 83 மெகாவாற்று என்று குறிப்பது வலுவின் அளவைத்தான். எனவே 'அணுவலு நீர்மூழ்கி' என்பேன். அணுவின் மையத்தைக் குறிக்கும் 'கரு' என்பது இயற்பியற்படி சரியே. எனினும் நாட்டின் சபையே 'இலங்கை அணுசக்தி சபை' என்று பெயர் தாங்கி நிற்கையில், உயிரியல் பாடத்திலும் வேறு பொருளில் வரும் 'கரு'வை இங்கே வலிந்து புகுத்த வேண்டியதில்லை.

சிக்கல் பெரிதாக இருப்பது இடப்பெயரில்தான். 'தளம்' என்று கரும்பலகையில் எழுதியதும், அது திருகோணமலையில் உள்ளதைப் போன்றதா என்று ஒரு மாணவி கேட்டார். கேள்வி நியாயமானது. கடற்படைத் தளம் என்பது கலங்கள் தங்கிப் புறப்படும் இடம். அவுஸ்திரேலியத் திட்டத்தையே பாருங்கள்: அமெரிக்க, பிரித்தானிய நீர்மூழ்கிகள் முறைவைத்து வந்து தங்க ஏற்பாடாகியிருப்பது பேர்த் அருகே உள்ள ஸ்டேர்லிங் தளம்; கட்டுமானம் நடக்கவிருப்பது கண்டத்தின் தெற்கில் உள்ள ஒஸ்போன். இரண்டையும் 'நீர்மூழ்கித் தளம்' என்றால் திட்டமே புரியாது. 'துறை'யிலும் இதே குழப்பம் உண்டு. போதாததற்கு அமைச்சு, கல்வி, விளையாட்டு எல்லாவற்றுக்கும் அச்சொல்லை ஏற்கெனவே வாரி வழங்கிவிட்டோம். 'பட்டறை' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் பிரித்தானியாவின் பரோவில் 1986இல் எழுந்த, நீர்மூழ்கிகள் கட்டும் டெவன்ஷயர் டொக் மண்டபம் 260 மீற்றர் நீளமும் 51 மீற்றர் உயரமும் கொண்டது. அதைப் பட்டறை என்றால் கொல்லர் சிரிப்பார்.

அங்கே நடக்கும் வேலையைப் பார்த்தால் சொல் தானே வரும். இத்தகைய இடத்தில் எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்வதில்லை. ஒஸ்போனுக்கு உலை, ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்திடமிருந்து முழுதும் பற்றவைத்து மூடப்பட்ட அலகாகவே வரும்; கலத்தின் ஆயுள் முழுவதும் எரிபொருள் மாற்ற அதைத் திறக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் குவொன்செற் பொயின்ற்றில் ஆக்கப்படும் பெரும் உடற்பகுதிகள் ஒன்றுசேர்ப்பதற்காகத் தெப்பக்கலத்தில் குரொட்டனுக்குப் போகின்றன. அரிஹந்தின் உடற்பகுதிகள் ஹசீராவில் உருவாகி விசாகப்பட்டினத்தில் ஒன்றிணைந்தன. அமுக்கம் தாங்கும் உருக்கு வளையங்களை விளிம்போடு விளிம்பு பொருத்திப் பற்றவைத்து, பற்றவைப்பின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டா என்று கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தே அடுத்த வளையத்துக்குப் போகிறார்கள். ஆக, பல இடங்களிலிருந்து வருபவை கூடி, ஒழுங்குபட்டு, ஒன்றாகும் வெளி அது. அவ்வகை வெளிக்குத் தமிழில் 'களம்' என்று பெயர். நெற்களம் உண்டு, நம் தோட்டங்களில் காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுத்து வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்களமும் உண்டு. போர்க்களத்தின் வாடை வீசும் என்று அம்மையார் அஞ்சக்கூடும். முன்னே 'கட்டு' நிற்கையில் அந்த அச்சம் வேண்டாம். 'கட்டுகளம்' வினைத்தொகை என்பதால், சுடுகாடு போல ஒற்று மிகாது. பொதுவாகக் கப்பற்கட்டுகளம், சிறப்பாக அணுவலு நீர்மூழ்கிக் கட்டுகளம்.

இதனோடு ஒட்டிய ஒன்று. கலம் முதன்முதலாக நீரைத் தொடுவதையும் சிலர் 'வெள்ளோட்டம்' என்று எழுதுகிறார்கள். அரிஹந்த் நீரில் இறங்கியது 2009 ஜூலையில். அதன் உலையில் தொடர்தாக்கம் தொடங்கியது 2013 ஓகஸ்டில். கடலில் ஓடிப் பார்க்கப் புறப்பட்டது 2014 டிசம்பரில். படையில் சேர்ந்தது 2016இல். மூன்றாவதற்கே வெள்ளோட்டம் பொருந்தும். முதலாவது 'நீரிறக்கம்' ஆகட்டும். பரோவில் கலத்தைச் சரிவில் வழுக்கிவிடாமல் ஏறி இறங்கும் மேடையில் வைத்து இறக்குவதால், 'சறுக்குமேடை'யை எல்லாக் கட்டுகளத்துக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. அதற்குத் தனிப்பதிவு போடுவோம்.

அணு உலையை 'உலை' என்பதா, 'தாக்கி' என்பதா என்ற கேள்வியை இப்போது தொடவில்லை. பண்டாரவளை நண்பர் அதைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார். கட்டுகளத்துக்கு மறுப்பு உள்ளவர்கள், கைநூல் அச்சுக்குப் போகுமுன், மாற்றுச் சொல்லோடு எழுதினால் நல்லது.