ஒரே தொழிற்சாலை ஸ்கோப், இரண்டு பெயர்: 80 மி.மீ. என்பது உண்மையா?

வல்லூறு:
"எல்லாம் ஒரே தொழிற்சாலைச் சரக்கு, பெயருக்குத்தான் காசு, மலிவானதை வாங்குங்கள்" என்று மீன்கொத்தி, பறவை பார்க்க ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) வாங்கும் புதியவர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். 2005இல் செலஸ்ட்ரான் என்ற தொலைநோக்கி நிறுவனத்தைத் தைவானின் சின்டா நிறுவனம் வாங்கியது, ஸ்கைவாட்சர் என்ற பெயரும் சின்டாவுடையதுதான். அதனால் அங்கிருந்து வரும் ஸ்கோப் எல்லாம் ஒன்றாகிவிடுமா? ஒரே அச்சில் உடலை வார்ப்பார்கள். கண்ணாடியும் பூச்சும் கொடுக்கிற விலைக்கு ஏற்ப மாறும். நீங்கள் புகழும் அந்தப் பச்சை ஸ்கோப்பில் கண்வில்லை வழியாக டார்ச் அடித்து, முன்லென்ஸில் எவ்வளவு அகலத்துக்கு ஒளி வருகிறது என்று அளந்தேன். முன்லென்ஸ் விட்டம் பெட்டியில் 80 மி.மீ., முன்லென்ஸில் விழுந்த வட்டம் 72.

மீன்கொத்தி:
டார்ச்சைக் கண்வில்லையில் ஒட்டி வைத்தால் எந்த அளவும் வரும். என்னிடம் மலிவானது, விலை உயர்ந்தது இரண்டும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், வித்தியாசம் இல்லை.

வல்லூறு:
ஒட்டி வைக்கவில்லை. கை நீட்டும் தூரத்தில் டார்ச், 20 மடங்கு உருப்பெருக்கம், குவியத்தை வெகுதொலைவுக்குத் திருப்பி வைத்தேன். 72தான். 72ஐயும் 80ஐயும் வர்க்கப்படுத்திப் பாருங்கள்: வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. உள்ளே சிறிய ப்ரிஸமோ தடுப்பு வளையமோ விளிம்பு ஒளியை மறிக்கிறது. கண்ணால் பார்த்தேன் என்பது அளவாகாது.

உள்ளான்:
அண்ணா, நண்பகலில் கோடியக்கரை உப்பளத்தில் கானல் அலையும்போது 60 மடங்கில் எந்த ஸ்கோப்பும் உதவாது. முதலில் ஆடாத முக்காலி வாங்கச் சொல்லுங்கள்.

வல்லூறு:
முக்காலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை தம்பி. 80 என்று அச்சடித்து 72 விற்கலாமா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மீன்கொத்தி:
போன பருவத்தில் வளைமூக்கு உள்ளான் என்ற பறவையைக் குறு உள்ளான் என்று சாதித்தவர்தானே நீங்கள்? விலை உயர்ந்த ஸ்கோப் அன்று என்ன செய்தது?

வல்லூறு:
அந்தப் படத்தில் அலகு முழுவதும் தெரியவில்லை, அன்றே சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். 72.

கூழைக்கடா:
விலை குறைந்ததை வாங்கி மழையில் நனைத்தேன், உள்ளே பனி படிந்தது. உள்ளே பனி படியாதபடி நைட்ரஜன் நிரப்பியது என்று பெட்டியில் இருந்தது. உத்தரவாதம் கேட்டு எழுதினேன், விற்றவர் பதிலே தரவில்லை. பெயருக்குக் கொடுக்கும் காசு வீண் என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மீன்கொத்தி:
மூடியைச் சரியாகத் திருகினீர்களா ஐயா?

கூழைக்கடா:
நான் ஸ்கோப் தூக்க ஆரம்பித்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். எனக்கு மூடி திருகச் சொல்லித் தர வேண்டாம்.

வல்லூறு:
மூடிச் சண்டையைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மீன்கொத்தி இன்னும் அளக்கவில்லை. முன்லென்ஸை ஒட்டி வெள்ளைத் தாள், அதன்மேல் அளவுகோல். ஒரு படம் போதும்.

மீன்கொத்தி:
எனக்குப் பறவை பார்க்கத்தான் ஸ்கோப். அளவுகோல் பிடிக்க அல்ல. இரண்டும் ஒன்றுதான், மீண்டும் சொல்கிறேன்.

வல்லூறு:
அளக்காமல் எத்தனை முறை சொன்னாலும் 72 எண்பதாகாது. படத்தைப் போடுங்கள்.