புதுப்பிப்பு: சுரைப் பிஞ்சு வெம்பி உதிர்ந்தது, இப்போது காய் பிடித்துவிட்டது

மாடித் தோட்டச் சுரைக்கொடியில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பஞ்சகவ்யா தெளித்தேன். கொடி பச்சைப்பசேல் என்று ஆனது, பிஞ்சு மட்டும் நிற்கவில்லை. பலித்தது கையால் மகரந்தம் சேர்க்கச் சொன்ன யோசனைதான். அதிலும் 4 நாள் காலையில் போய் ஏமாந்தேன். சுரைப்பூ விரிவது சாயங்காலம் என்பது அப்புறம்தான் உறைத்தது. (பூசணிக்குத்தான் விடிகாலை.)

மாலை 6.30 மணிக்கு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் குட்டிச் சுரையோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தேன். மூன்றாம் நாள் காம்பு தடித்து, பிஞ்சு தலை கவிழ்ந்தது. 5 பூவில் 4 நின்றன. ஐந்தாவது அணிலுக்கு. 15 நாளில் முதல் காய் கூட்டாகிவிட்டது.