1747 கோழிக்கறியில் மஞ்சள் எங்கிருந்து வந்தது?

அடுப்பங்கரை: 'பழைய இங்கிலாந்துச் சமையல்' என்று புதிதாக வந்த புத்தகம் ஒன்று வாங்கினேன். ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 1747-இல் தன் சமையல் புத்தகத்தில் எழுதிய 'இந்திய முறைக் கறி' அதில் இருக்கிறது. மஞ்சள், இஞ்சி, மிளகு எல்லாம் கிராம் கணக்கில். ஞாயிற்றுக்கிழமை செய்தேன், நன்றாகவே வந்தது. பழஞ்சுவடி, பழைய குறிப்புகளை இன்றைய அளவில் மாற்றித் தரும் புத்தகங்களை நம்பாதே என்று முன்பு சொன்னீர்களே, ஏன்?

பழஞ்சுவடி: ருசிக்கும் 1747-க்கும் என்ன சம்பந்தம் சார்? கிளாஸ் புத்தகத்தின் முதல் பதிப்பில் மஞ்சளும் இல்லை, இஞ்சியும் இல்லை. இரண்டு கோழி அல்லது முயல், மூன்று நான்கு சின்ன வெங்காயம், 30 மிளகு, பெரிய கரண்டியில் ஒரு கரண்டி அரிசி. கொத்தமல்லி விதையைச் சுத்தமான ஷவலில் (ஆமாம், அள்ளுகிற ஷவலில்தான்) வறுத்துப் பொடிக்கச் சொல்கிறார். கடைசியில் வால்நட் அளவு வெண்ணெய். மஞ்சளும் இஞ்சியும் பின்னால் வந்த பதிப்புகளில் சேர்ந்தவை. பின்பதிப்பின் குறிப்புக்கு முதல் பதிப்பின் வருஷத்தைப் போட்டிருக்கிறார்கள்.

அடுப்பங்கரை: சரி, வருஷம் தப்பு. ஆனால் மூலத்தை வைத்து எப்படிச் சமைப்பது? கொத்தமல்லி எவ்வளவு என்றே இல்லை. நேரம் கேட்டால் 'கறி வேகும்வரை'. பாட்டியிடம் கேட்ட மாதிரிதான். அதைக் கிராமாக்கித் தரத்தானே புத்தகம்?

பழஞ்சுவடி: ஆக்கட்டும். 'இது என் கணக்கு' என்று ஒரு வரி சேர்த்தால் சண்டையே இல்லை. மூலத்தில் தண்ணீர் ஒரு பைண்ட் (ஆங்கிலேயரின் திரவ அளவு). உங்கள் புத்தகத்தில்?

அடுப்பங்கரை: 568 மி.லி.

பழஞ்சுவடி: அது 1824-இல் வந்த இம்பீரியல் பைண்ட். கிளாஸ் காலத்து ஒயின் பைண்ட் சுமார் 473 மி.லி.

மிளகுரசம்: குறுக்கே வருகிறேன். அப்போது ஏல் பீருக்குத் தனி பைண்ட் இருந்தது, அது 570-க்கும் மேல். எந்த பைண்ட் என்று அந்தக் குறிப்பில் இல்லையே, 473 மட்டும் ஊகம் இல்லையா? தவிர, குழம்பு ரொம்பக் கெட்டியானால் இன்னும் தண்ணீர் விடு என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார்.

பழஞ்சுவடி: பைண்டை விட்டுவிடுகிறேன். உங்கள் புத்தகத்தின் முன்னுரையைப் பாருங்கள், நாறிய இறைச்சியை மறைக்கத்தான் மசாலா போட்டார்கள் என்று இருக்கிறதா? கிராம்பு வாங்கக் காசிருந்தவன் கெட்ட இறைச்சியை ஏன் தின்கிறான்? அப்புறம் அதிலுள்ள 'மாக்ரோஸ்' என்ற பழைய பண்டம். 1390 வாக்கில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்ததில் அது வெந்த மாவுத் துண்டு, கீழும் மேலும் துருவிய சீஸ், வெண்ணெய். வேறெதுவும் கிடையாது.

அடுப்பங்கரை: முன்னுரையில் அந்தக் கதை இருக்கிறது. மாக்ரோஸில் வெள்ளை சாஸ், கடுகு என்று போட்டிருக்கிறது! மூலத்தில் ஒரு வரிகூட அச்சிடாததால் எனக்கு எப்படித் தெரியும்? இன்று முதல் பதிப்புப்படி கறி செய்தேன். வெளுத்துப்போய், தண்ணீரில் சாதம் மிதக்கிற மாதிரி இருந்தது. வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அடுத்த வாரம் மஞ்சள் போடத்தான் போகிறேன்.

மிளகுரசம்: அரிசியை முழுசாகவா போட்டீர்கள்? 'அவற்றைப் பொடி' என்கிறாரே, அது கொத்தமல்லிக்கு மட்டுமா, மிளகுக்கும் அரிசிக்கும் சேர்த்தா?

அடுப்பங்கரை: முழுசாகத்தான். ஐயோ.