கிளாண்டு நட்டுக்குத் தக்க சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். குழாய்ப் பணி பயிலும் மாணவர்களுக்காக, வீட்டுக் கேட் வால்வு ஒழுகினால் சரிசெய்யும் முறையைப் பற்றி எழுதிவரும் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைப்பிடிக்குக் கீழே, ஸ்பிண்டில் எனும் சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் நீர் கசிந்தால், அங்குள்ள கிளாண்டு நட்டைக் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால், தொட்டியிலிருந்து வரும் நீரை அடைத்துவிட்டு நட்டைக் கழற்றி, கசிவைத் தடுக்கத் தண்டைச் சுற்றி வைத்திருக்கும் நைந்த திரியை எடுத்துப் புதிய திரியையோ முறுக்கிய டெஃப்லான் நாடாவையோ சுற்ற வேண்டும். அகராதியோ கிளாண்டைச் ‘சுரப்பி’ என்கிறது. ‘சுரப்பி மரை’ என்று எப்படி அச்சிடுவது?

—

ஐயா, ஒழுகுகிற வரையில் அது சுரப்பிதானே! நிற்க. வால்வுக்கே சொல் காணாமல் நட்டுக்குப் போவது முறையன்று. சிலப்பதிகார நாடுகாண் காதையில் காவிரிப் புதுநீர் ‘ஓ இறந்து ஒலிக்கும்’ இடத்தில், ‘ஓ’ என்பதற்கு மதகுநீர் தாங்கும் பலகை என்று உரை காண்கிறோம். கேட் வால்வினுள் ஏறி இறங்கும் தகடும் நீரைத் தாங்குவதுதான் என்பதால், தகட்டை ‘ஓ’ என்றும் வால்வை ‘ஓவடைப்பு’ என்றும் வழங்கலாம். வால்வுக்குச் சிலர் வழங்கும் ‘கவாடம்’ வடசொல், அது வேண்டா.

—

‘ஓவை மூடு’ என்றால் ஔவையையா என்று மாணவன் கேட்பான். கேட்கப்பட்டது நட்டுக்குத்தான். தண்டிறுக்கி என்று தனிமடலில் ஒருவர் பரிந்துரைத்தார். ஆனால் தண்டு இறுகினால் கைப்பிடியே சுழலாது, அளவுக்கு மீறி முடுக்கக் கூடாது என்பதே அந்தப் பாடத்தின் பாதி. அந்த நட்டு அழுத்துவது திரியை. ஆகவே ‘திரியிறுக்கி’ என்பேன். இதனால் நட்டுக்கு மரையா, சுரையா என்ற பழைய வழக்கும் எழாது. எனினும் கடையில் கேட்டு வாங்குவதற்காக, சொல் முதலில் வரும் இடத்தில் கிளாண்டு நட்டு என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

—

அப்படியே செய்கிறேன், மூவர் உடன்பட்டிருக்கிறார்கள், மற்றவர்கள் மௌனம்.

—

என் மறுப்பைப் பதிவு செய்க. பந்து வால்வில் திரி ஏது? டெஃப்லான் வளையமல்லவா இருக்கிறது? இரண்டுக்கும் பொருந்துவது ‘கழுத்திறுக்கி’ ஒன்றே.

—

ஐயா, அது கொலை வழக்குக்குரிய சொல். பந்து வால்வுப் பாடம் அடுத்த பருவத்தில்தான் வருகிறது. அதுவரை திரியிறுக்கி இருக்கட்டும்.