டெல்லி நிஜமாகவே உறைகிறதா?

மயூர்விஹார்_நெல்லைக்காரன்:
பொங்கலுக்கு அம்மா திருநெல்வேலியிலிருந்து வருகிறார். டிவியில் "உறைந்தது டெல்லி" என்று சிவப்பு எழுத்தில் ஓடுகிறது, பின்னால் ஏதோ இமயமலைப் பனி. "ஏலே, தண்ணியெல்லாம் கல்லாயிருச்சாமே, டிக்கெட்ட ரத்து பண்ணிரவா?" என்று தினமும் போன். எதை நிஜமான குளிர் அலை என்று எடுத்துக்கொள்வது?

ஆர்கேபுரம்_மாமா:
டிவியை அணைத்துவிட்டு வானிலைத் துறையின் அளவைப் பாருங்கள் தம்பி. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்குள் வந்து, இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டும். 4 டிகிரிக்கு இறங்கிவிட்டால் இயல்பைப் பார்க்க வேண்டாம், அதுவே குளிர் அலை. 2 டிகிரி என்றால் கடுங்குளிர் அலை. டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் மிகக் குறைவாகப் பதிவானது மைனஸ் 0.6, அதுவும் 1935 ஜனவரியில்! தினமும் "உறைந்தது" என்று கத்தி ஊரில் இருக்கும் பெற்றோரைப் பயமுறுத்துவது அநியாயம்.

முனிர்கா_அக்கா:
தாராளமாக வரச் சொல்லுங்கள். ராத்திரிக் குளிரை ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) பார்த்துக்கொள்ளும். மூடுபனியில் வெயிலே தலைகாட்டாத பகல்தான் நம்மை வாட்டும், அதற்கு தெர்மல் உள்ளாடை, காலுறை எல்லாம் வாங்கி வையுங்கள். ஒன்று மட்டும்: கதவைச் சாத்திக்கொண்டு கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மயூர்விஹார்_நெல்லைக்காரன்:
நன்றி மாமா, அக்கா. அம்மாவிடம் 4 டிகிரி கணக்கைச் சொன்னேன். "நம்ம ஃப்ரிட்ஜுல தயிர் இருக்குற குளிர்தானல? வாரேன்" என்றுவிட்டார்.

ஆர்கேபுரம்_மாமா:
சபாஷ்! ரயில் என்றால் மூடுபனியில் தாமதமாகும், சாப்பாடு கூடுதலாகக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.