மறு: ரிசர்வாயர் ஹோஸ்ட் – தேக்கியா, பேணியா?

வணக்கம். ஒரு நோய்க்கிருமி நிலையாகத் தங்கித் தொடர்கிற விலங்கை ஆங்கிலத்தில் ரிசர்வாயர் ஹோஸ்ட் என்கிறார்கள்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> 'நோய்ப்பேணி' என்று வைக்கலாம். நோயைப் பேணி வைத்திருப்பது, சொல்லும் சின்னது.

சின்னதுதான். ஆனால் இலங்கையின் வன்னியில் பேணி என்றால் பால்ப்பேணி, மூக்குப்பேணி, தேத்தண்ணி குடிக்கிற பேணி. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்து முடிவதற்குள் மணி அடித்துவிடும். கிருமிக்கு இடங்கொடுக்கும் உயிரான ஹோஸ்டுக்கு எங்கள் இலங்கைப் பாடநூலில் 'விருந்துவழங்கி', தமிழ்நாட்டில் உங்களிடம் 'ஓம்புயிரி'. ஓம்புயிரியே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை.

> எலிதானே நோயைச் சுமக்கிறது, 'காவி' போதாதா?

போதாது. காவி என்றால் நோயை ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குக் கொண்டுபோவது. பிளேக்கில் அப்படிக் காவுவது, எலியின் இரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சி. 1898இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் காட்டினார். கிருமி தெள்ளின் முன்குடலில் பெருகி வழியை அடைத்துவிடும். குடித்த இரத்தம் இறங்காது, பசியும் அடங்காது. திரும்பத் திரும்பக் கடிக்கும்; கடிக்கும்போதெல்லாம் அந்த அடைப்பிலிருந்து கொஞ்சம் கிருமியைக் கக்கும். எலியின் வேலை வேறு.

எல்லா எலிக்கும் ஒரே வேலையும் இல்லை. வீட்டுக் கூரையில் ஓடுகிற எலிக்குப் பிளேக் வந்தால் பெரும்பாலும் செத்து விழும். எலி விழத் தொடங்கினால் ஊரைவிட்டு வெளியே போய்க் கொட்டில் போட்டு இருப்பது இந்தியக் கிராமங்களில் பழைய வழக்கம். இப்படிச் செத்துக்கொண்டே போனால் நோய்க்கு நிலையான இருப்பிடம் ஏது? மத்திய ஆசியாவின் பெரிய ஜெர்பில், இந்தியாவின் வெள்ளெலி மாதிரியான காட்டுக் கொறிணிகளின் கதை வேறு. அவற்றில் பல தாக்குப்பிடித்துவிடும், வளைக்குள் தெள்ளும் உயிரோடு இருக்கும். மனிதரில் ஒரு நோயாளிகூட இல்லாத ஆண்டுகளிலும் கிருமி அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்காகக் காட்டுக் கொறிணி எல்லாவற்றையும் தேக்கி என்று எழுதிவிடவும் முடியாது. அமெரிக்காவின் பிரெய்ரி நாயும் காட்டுக் கொறிணிதான். பிளேக் நுழைந்தால் அதன் குடியிருப்பே காலியாகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு 'தேக்கி ஓம்புயிரி'. வரையறை: வெளியிலிருந்து புதிதாக வராமலே, ஒரு நோய்க்கிருமி எந்த இனத்தில் அல்லது இனக்கூட்டத்தில் அறாமல் தொடர்கிறதோ அது.

> தேக்கம் என்றால் அசையாமல் கிடப்பது போல் இல்லையா?

குளத்தடிக்கு வந்து பாருங்கள். இரணைமடுவில் தண்ணீர் சும்மாவா கிடக்கிறது? கனகராயன் ஆறு கொண்டுவரும், வாய்க்கால் கொண்டுபோகும், மாரியில் நிரம்பி வழியும், அதை வான் பாயும் என்போம். நோய் ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குப் போகிற ஸ்பில்ஓவருக்கும் அதிலிருந்தே ஒரு சொல் எடுக்கலாம்: 'வான்பாய்வு'. வெள்ளெலியும் வீட்டெலியும் சந்திக்கிற வயலோரத்தில் தெள்ளு இடம் மாறும், நோய் வான் பாயும்.

இங்கே பிளேக் இல்லை. 1914இல் கொழும்புக்குக் கப்பலில் வந்தது வன்னிக் காட்டில் குடியேறவில்லை. எங்களுக்கு வாய்த்தது எலிக்காய்ச்சல். அறுவடை முடிந்ததும் வரம்பில் புதுமண் குவிந்த அகழான் என்ற வயலெலியின் வளையை வெட்டினால், கத்தரித்த நெற்கதிர் கட்டுக் கட்டாக உள்ளே இருக்கும். எடுக்கக் கையை உள்ளே விடுகிறவருக்கு நெல்தான் கண்ணில் படும், எலியின் சிறுநீர் ஊறிய மண் படாது. கையில் அரிவாள் கீறிய காயமிருந்தால் கிருமிக்கு அதுவே வாசல். இந்த நோயில் தெள்ளுக்கு வேலையே இல்லை, எலிதான் தேக்கி. காவியையும் தேக்கியையும் ஒன்றாக்கினால் இதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

கிளிநொச்சியிலிருந்து

-----

> தேக்கிக்குச் சம்மதம். 'வான்' எங்களுக்கு ஆகாயம் ஐயா. நெல்லைப் பக்கம் குளம் நிறைந்தால் மறுகால் பாயும் என்போம். 'மறுகால்பாய்வு' ஆகாதா?

தாராளமாக ஆகும். ஆனால் மறுகால் என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்காது. இரண்டையும் ஒரே பதிவில் போட்டுவிடுங்கள், அவரவர் ஊர்க்காரர் எடுத்துக்கொள்ளட்டும். முன்பு யாரோ சொன்ன 'தொற்றுத்தாவல்' மட்டும் வேண்டாம். தெள்ளு தாவுவதைத்தான் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். அப்புறம், தேக்கியின் வரையறையைச் சுருக்குகிறவர் 'அறாமல்' என்பதில் கைவைக்க வேண்டாம்.