பொந்தைக் குடையும் காக்கட்டூ ஜோடி: கூடு கட்டுகின்றனவா?

கேள்வி:
மெல்பர்னில் யாரா ஆற்றை ஒட்டிய எங்கள் தெருமுனையில் முதிய யூகலிப்டஸ் மரம் ஒன்று நிற்கிறது. ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக் கிளி ஜோடி ஒன்று அதன் பொந்தைவிட்டு அகலவில்லை. ஒன்று வாயிலின் விளிம்பைக் கடித்துச் சிராய் சிராயாக உதிர்க்கிறது. மற்றது வால் மட்டும் வெளியே தெரிய உள்ளே குடைகிறது. இது கூடு கட்டும் வேலைதானா? மரத்துக்குக் கேடு வருமா?

பதில் 1:
வேலைதான், ஐயா. காக்கட்டூ சுள்ளி பொறுக்காது. உள்ளே உதிரும் மரத்தூளே மெத்தை. அதன்மேல் இரண்டு அல்லது மூன்று முட்டைகள். இதே ஊரில் இருக்கும் கலா (galah) என்னும் இளஞ்சிவப்புக் காக்கட்டூ வகையோ யூகலிப்டஸ் இலைகளைக் கொண்டுவந்து பரப்பும். ஆனால் குடைந்த பொந்திலெல்லாம் முட்டையிடும் என்று நம்பிவிடாதீர்கள். தேனீயோ, பாஸம் (possum) என்னும் மரவாழ் விலங்கோ குடியேறினால் ஜோடி வேறிடம் தேடும்.

மரத்தை எண்ணிக் கவலை வேண்டாம். பொந்தை உண்டாக்கியது பறவை அல்ல. கிளை முறிந்த இடத்தைக் கறையானும் பூஞ்சையும் அரித்து, இவ்வளவு பெரிய பொந்து உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். யாராவது அந்த மரத்தை வெட்டச் சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள்!

பதில் 2:
பைனாகுலரில் கண்ணைப் பாருங்கள். பெண்ணுக்குச் செம்பழுப்பு, ஆணுக்கு ஏறக்குறைய கறுப்பு. இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். ஒரு பறவை மட்டுமே நெடுநேரம் வெளியே தெரிந்தால் முட்டை வந்திருக்கலாம். அப்போது மரத்தடியில் நிற்காமல் தள்ளியிருந்தே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று காலை உள்ளே குடைந்தது செம்பழுப்புக் கண்ணி!